பாதுகாவலர் கையெழுத்து

மூன்றாம் டிவிஷன் லயம்,
பிரிஞ்சாங்.
13.10.1985

அன்புள்ள அத்தானுக்கு,

திலகம் எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் சுகம். அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. ஈப்போ வெயிலில் அத்தையின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? நீங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்ததும் நேரத்தோடு சாப்பிடுகிறீர்களா?

குவாந்தானில் மாநிலத் தேர்வு முடிந்து நேற்றுத்தான் வந்து சேர்ந்தேன். ஐயாயிரம் மீட்டர் நடையில் இரண்டாவது இடம். முதல் இருவரைப் பஹாங் அணியில் சேர்த்துவிட்டார்கள். ஏப்ரலில் கோலாலம்பூரில் எல்லா மாநிலத்து இளைஞர்களும் கூடுகிற போட்டிக்கு நானும் போகிறேன். எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது.

ஆனால் இரண்டு நடுவர்கள் எனக்கு எச்சரிக்கையாக வெள்ளைக் கொடி காட்டினார்கள். இரண்டும் இடது முழங்காலுக்கு. அவர்களில் ஒருவர் சிவப்பு அட்டையும் எழுதிக் கொடுத்தாராம். பயிற்சியாளர் சுப்பிரமணியம் மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஒம் பாதம் பசை போட்ட மாரி தரையிலயே இருக்கு புள்ள, அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா முட்டி? நாற்காலியில ஒக்காந்துகிட்டே நடக்கிறியே! யாரு சொல்லிக் குடுத்தது?"

"அத்தை மகன்" என்றேன்.

"ஓ, அத்தை மகனா! அப்ப மரியாதையாத்தான் பேசணும்லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் நீங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பப் பாரத்தை அங்கே கோப்பில் பார்த்தேன். இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்குப் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று போட்டிருந்த கோட்டில் உங்கள் அழகான கையெழுத்து. பேனாவைக் கண்டால் அப்பா எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விடுவார், உங்களுக்குத்தான் தெரியுமே. இந்த லயத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். அன்றைக்குப் படித்தவர் யார் வந்திருக்கிறாரோ அவர்தான் பாதுகாவலர்.

முழங்காலை என்ன செய்வது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
திலகம்


ஈப்போ
22.10.1985

அன்புள்ள திலகத்துக்கு,

உன் கடிதம் வந்தது. மாமா, மாமி சுகம் அறிந்து நிம்மதி. அம்மாவின் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீ இரண்டாவதாக வந்ததை எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நடைப் போட்டிக்கு இரண்டே விதிகள். பின்கால் எழும்பும் முன் முன்கால் தரையைத் தொட்டுவிட வேண்டும். உடம்பின் பாரம் நேராக ஒரு காலின் மேல் வரும்போது அந்தக் கால் மடங்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். முதல் விதியை உனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஈரச் சரிவில் தேயிலைக் கூடையைச் சுமந்து இறங்குகிறவள் முன்கால் ஊன்றாமல் பின்காலை எடுக்கமாட்டாள். எடுத்தால் கூடையோடு கீழே போய்விடுவாள். ஆனால் அதே சரிவுதான் உன் முழங்காலை மடக்கியும் வைத்திருக்கிறது. பாரத்தோடு இறங்குகிறவர்கள் எல்லாரும் மடக்கித்தான் நடப்பார்கள். களைத்தவுடன் உன் கால் மலைக்குத் திரும்பிவிடுகிறது. ஐயாயிரம் மீட்டருக்குப் பன்னிரண்டரைச் சுற்று; கடைசி மூன்று சுற்றில் கவனம் வை. தொழிற்சாலைக்கு முன்னால் இருக்கிற பந்துத் திடலில் மட்டும் பயிற்சி செய். அந்தத் தோட்டத்தில் சமதரை அது ஒன்றுதான்.

நினைவிருக்கட்டும்: மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதிவிட்டால் நீ வெளியே.

டிசம்பரில் நான் தேசிய நடுவர் தேர்வு எழுதுகிறேன். ஐந்து வருஷமாகச் சாலையோரத்தில் தொப்பியோடு நின்று மற்றவர் முழங்காலைப் பார்த்ததற்கு ஒரு முடிவு தெரியட்டும்.

தை பிறந்ததும் தாம்பூலத் தட்டோடு மாமா வீட்டுக்கு வரலாமா என்று அம்மா கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
காளியண்ணன்


பிரிஞ்சாங்
19.11.1985

அன்புள்ள அத்தானுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய சேலை அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அத்தைக்கு என் வணக்கம். மழை விடாமல் பெய்கிறது, வேறு குறை இல்லை.

காலையில் கொழுந்து, மாலை நாலரைக்குத் திடல். முதல் இரண்டு வாரம் கங்காணி சின்னக்கருப்பன் மாமா வேலியில் சாய்ந்து நின்று, "என்னா புள்ள, வாத்து மாரி ஆட்டி ஆட்டிப் போறே? இடுப்புல தேளு கொட்டிருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கொழுந்துப் பெண்கள் பதிலுக்கு, "அதுக்காச்சும் இடுப்பு இருக்கு கங்காணி, ஒங்களுக்கு எங்க?" என்றார்கள். அதற்குப் பிறகு அவர் வருவதில்லை.

முழங்காலுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸர் சின்னையாவிடம் துணிப் பிளாஸ்திரி வாங்கினேன். காலை நேராக நீட்டி, முட்டியின் மேல் இறுக்கி ஒட்டிக்கொள்கிறேன். மடக்கினால் தோலைப் பிடித்து இழுக்கும். கால் காற்றில் இருக்கும்போது இழுத்தால் தப்பில்லை. பாதம் தரையில் இருக்கும்போது இழுத்தால் தப்பு. பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லாத குறை தீர்ந்தது. யாரிடமும் கேட்காமல் எனக்கு நானே தெரிந்துகொள்ள முடிகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டு அலமாரியிலிருந்து ரஷ்ய நாவல் ஒன்று இரவல் வாங்கிப் படிக்கிறேன். எண்ணூறு பக்கம். ஒவ்வொருவருக்கும் நான்கு பெயர். பனிக்காலம் மட்டும் நம் டிசம்பர் போலவே இருக்கிறது.

அத்தை கேட்டதற்கு: தையில் நம் தோட்டத்தில் பாதை மிகவும் வழுக்கும். அத்தையின் காலுக்கு அது நல்லதல்ல. ஆனால் வருகிறவர்களை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

அன்புடன்,
திலகம்


பிரிஞ்சாங்
20.1.1986

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நலமறிய ஆவல். நவம்பரில் எழுதியதற்குப் பதில் இல்லை. கிறிஸ்துமஸ் தபாலில் சிக்கிக்கொண்டிருக்கும் என்று இருந்துவிட்டேன்.

பொங்கலுக்கு நீங்களும் அத்தையும் வருவீர்கள் என்று அம்மா இரண்டு பாய் புதிதாக வாங்கி வைத்தார். அப்பா மூன்று நாள் முகச்சவரம் செய்துகொண்டார். தொடர்ந்து மூன்று நாள் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கடைசி பஸ் வந்து நின்று, காய்கறிக் கூடைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. அம்மா பாயைச் சுருட்டிப் பரணில் வைத்துவிட்டார்.

நீங்கள் நடுவர் தேர்வில் தேறிவிட்டதாகத் தாப்பா பஸ் ஓட்டுகிற வேலப்பன் அண்ணன் சொன்னார். பேராக் மாநிலத்திலேயே நீங்கள் ஒருவர்தானாமே. வாழ்த்துகள். இதை நீங்களே எழுதியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மார்ச் முதல் குவாந்தானில் முகாம். பத்துச் சுற்று வரை பிளாஸ்திரி சும்மா இருக்கிறது. பதினொன்றில் இழுக்கிறது. இதற்கு ஏதாவது உபாயம் உண்டா?

அத்தைக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

திலகம்


ஈப்போ
17.2.1986

திலகத்துக்கு,

அம்மா நலம். மாமா, மாமியை விசாரித்ததாகச் சொல்.

இனி நடையைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே. போட்டி முடியும்வரை கடிதமும் வேண்டாம். காரணம் கேட்காதே. தவறாகவும் எடுத்துக்கொள்ளாதே.

காளியண்ணன்


பஹாங் அணி முகாம்,
குவாந்தான்.
9.3.1986

அத்தானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை எழுதாமல் இருக்க முடியாது. கடலோரக் காற்று ஒத்துக்கொண்டது, சாப்பாடு பரவாயில்லை, வேறு விசாரிப்புகளை விட்டுவிடுகிறேன்.

இந்த மூன்று வாரம் உங்கள் கடிதத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தேன். கொழுந்து கிள்ளும் பெண்ணை வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டீர்கள், என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் மலையிறங்கி வந்தேன்.

நேற்று மாலை சுப்பிரமணியம் மாஸ்டர் தட்டச்சுத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். கோலாலம்பூரில் பெண்கள் நடைக்கு யார் யார் நடுவர் என்று வாசித்தார். ஐந்து பெயர். நான்காவது பெயர் உங்களுடையது.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கி அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அவர் எங்கள் பாரங்களைச் சரிபார்க்க ஆரம்பித்தார். என்னுடையதைப் புரட்டினார். "காளியண்ணன்… இந்தப் பேரைத்தானே இப்ப வாசிச்சேன்? ஒரே ஆளா?"

"இல்ல மாஸ்டர். எங்க தோட்டத்துல காளியண்ணன் நாலு பேரு இருக்காங்க."

"அப்பா இல்லியா ஒனக்கு?"

"இருக்காரு."

"அப்பறம் என்னாத்துக்கு கார்டியன்? ஆயிரம் கேள்வி கேப்பாங்க. அப்பாகிட்ட புதுசா ஒண்ணு கையெழுத்து வாங்கிட்டு வா, பழச கிழிச்சுடலாம்" என்று வெள்ளைப் பாரம் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

நான் பொய் சொன்னது இதுவரை எத்தனை தடவை என்று எண்ணிச் சொல்லிவிடலாம். இது வாயில் வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போக அனுமதி கிடைத்திருக்கிறது. அதற்குள் நீங்கள் ஒரு முடிவு சொல்ல வேண்டும். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.

திலகம்


ஈப்போ
12.3.1986

அன்புள்ள திலகத்துக்கு,

நீ நினைத்தது போல எதுவும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். கொழுந்து கிள்ளும் கையால்தான் என் அம்மாவும் என்னைப் படிக்கவைத்தார்.

நியமனக் கடிதம் பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. தட்டோடு வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, பிறகு கொடி பிடித்து உன் முன்னால் நிற்க முடியாது. அதனால் வரவில்லை. அம்மாவிடமும் காரணம் சொல்லவில்லை. அவர் என்னோடு சரியாகப் பேசி இரண்டு மாதம் ஆகிறது.

நடுவர்களுக்கும் ஒரு பாரம் உண்டு. 'போட்டியாளர்களில் உங்கள் பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி, பிள்ளைகள் யாரேனும் உளரா?' இல்லை என்று எழுதினேன். அது பொய் அல்ல. மாமன் மகளுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. நம் வீட்டில் அந்த உறவுக்கு என்ன அர்த்தம் என்று அதைத் தயாரித்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பார்கள். அவர்கள் கேட்காதது என் குற்றமா என்று தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் யோசிக்கிறேன்.

விலகலாம். விலகினால் காரணம் எழுத வேண்டும். அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள். ஐந்து வருஷம், திலகம்.

மாமாவின் கையெழுத்தை வாங்கிவிடு. ஐந்து பேரில் நான் ஒருவன்தான். என் கண்ணில் படாமலே போகலாம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

காளியண்ணன்


குவாந்தான்
24.3.1986

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். பாரத்தில் அப்பாவின் கையெழுத்து வாங்கிவிட்டேன். எப்படி வாங்கினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பெருவிரல் மை போதும் என்றுதான் நான் சொன்னேன். அவர் பாரத்தைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போற எடத்துல எம் பேரையா கேக்குறாங்க?" என்றார். "ஆமாம்பா." "காளி பேரு வேணாமாமா?" "அப்பா பேருதான் வேணுமாம்." அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "அப்ப மை வேணாம். எழுதிக் காட்டு" என்றார்.

சனி மாலையும் ஞாயிறு முழுவதும் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார். ஆண்டியப்பன். ஏழு எழுத்து. கவாத்துக் கத்தி பிடிக்கிற கை, பென்சிலை முறித்துவிட்டது. இரண்டு முறித்தார். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்கா எட்டிப் பார்த்து, "என்னா மாமா, இந்த வயசுல பள்ளிக்கூடமா?" என்றதற்கு, "எம் மக கோலாலம்பூரு போறா, என் கையெழுத்து இல்லாம விடமாட்டேங்குறானுங்க" என்றார். திங்கள் காலை ஐந்தரைக்கு, வேலைக்குப் புறப்படும் முன், நின்றுகொண்டே போட்டார். பாரம் பழசை விடப் பத்து மடங்கு நேர்மையாகத் தெரிகிறது. அதை எதற்காக வாங்கினேன் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

மாஸ்டர் பழைய பாரத்தை என் கண் முன்னால் கிழித்துக் குப்பையில் போட்டார். நான் நன்றி சொன்னேன்.

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கிழிக்க மனம் வரவில்லை.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். என் முழங்கால் மடங்கினால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு எப்படியோ அப்படி.

திலகம்


ஈப்போ
30.4.1986

அன்புள்ள திலகத்துக்கு,

மாமா, மாமியிடம் என் வணக்கத்தைச் சொல். நீ வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். வெண்கலம்! ஆறு மாதத்தில் முதல் முறையாக உனக்கு மனம் விட்டு எழுதுகிறேன்.

அம்மா செய்தித்தாளில் வந்த ஒரு வரியை வெட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். உன் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அதைப் பற்றிக் கவலையே இல்லை அவருக்கு.

நான் நின்ற வளைவில் பதிமூன்று தடவை என்னைக் கடந்து போனாய். நான் கவலைப்பட்டது போல எதுவும் நடக்கவில்லை. என் கண்ணில் ஒன்றும் படவில்லை. பிற்பகல் வெயில் எதிரில் அடித்தது, ஆனாலும் நன்றாகவே பார்த்தேன்.

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது. வைகாசியில் வரலாமா என்று அம்மா கேட்கிறார். இந்த முறை நானும் கேட்கிறேன்.

அன்புடன்,
காளியண்ணன்


பிரிஞ்சாங்
14.5.1986

அன்புள்ள அத்தானுக்கு,

அப்பா, அம்மா நலம். லயமே நலம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தோட்டத்து லோரியில் ஏற்றிவிட்டார்கள். பிரிஞ்சாங் கடைத்தெருவிலிருந்து தோட்டம் வரை மேளம். கொழுந்துப் பெண்கள் தலைத்துணியை அவிழ்த்து வீசினார்கள். துரை இறங்கி வந்து கைகொடுத்தார். சின்னக்கருப்பன் மாமா, "இந்தப் புள்ள நடக்கிறதப் பார்த்து மொத மொத இவ பெரிய ஆளா வருவான்னு சொன்னது யாரு? நான்தான்லா!" என்று மேடையில் பேசினார். பதக்கம் இப்போது நாட்காட்டி ஆணியில் தொங்குகிறது. அப்பா வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை அதைத் திருப்பிப் பார்க்கிறார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் சுற்று வரை ஒன்றுமில்லை. பதினொன்றில், உங்கள் வளைவில், பாதம் தரையில் இருக்கும்போது பிளாஸ்திரி இழுத்தது. ஒரு தடவையல்ல, வளைவு முடியும்வரை. பன்னிரண்டிலும் அங்கேதான். ஜொகூர்ப் பெண் ரொஹானா எனக்கு இரண்டு அடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. காலை நிமிர்த்தினால் அவள் முந்திவிடுவாள். நான் நிமிர்த்தவில்லை. கடைசிச் சுற்றில் நான் உங்களைப் பார்த்தேன், அத்தான். நீங்கள் என் காலைப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் கையிலிருந்த அட்டைகளைப் பார்த்தீர்கள்.

முடிந்ததும் மாஸ்டர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "பொழச்ச போ! ரெண்டு பேரு ஒனக்கு சிவப்பு எழுதிட்டாங்க தெரியுமா? மூணாவது வரல!" என்றார். "மாஸ்டர், என் முட்டி மடங்குச்சு" என்றேன். "நடுவரு எழுதலன்னா மடங்கலன்னு அர்த்தம். வாய மூடிகிட்டு போய் தண்ணி குடி." அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தது ரொஹானா. நான்காவதாக வந்தவள். என் முதுகைத் தட்டி, நன்றாக நடந்தாய் என்றாள்.

கண்ணில் ஒன்றும் படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு என்னிடமும் இருக்கிறது, பாரத்தை மாற்றியவள் நான். ஆனால் என்னிடம் பொய் எழுதுகிறவருக்கு வைகாசி பற்றி என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பிளாஸ்திரியை உரித்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

திலகம்


ஈப்போ
4.6.1986

அன்புள்ள திலகத்துக்கு,

மூன்று வாரம் எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பார்த்தேன். பதினொன்றில் பார்த்தேன், பன்னிரண்டில் பார்த்தேன், கடைசிச் சுற்றிலும் பார்த்தேன். பதினொன்றில் வெள்ளைக் கொடியைக்கூட எடுக்கவில்லை. பன்னிரண்டில் அட்டையில் உன் எண்ணை எழுத ஆரம்பித்தேன். முதல் இலக்கம் எழுதியதும் பேனா நின்றுவிட்டது. மற்ற இருவர் ஏற்கெனவே எழுதியிருப்பார்கள், என்னுடையது மூன்றாவதாக இருக்கும் என்று எனக்கு ஏனோ தெரிந்திருந்தது. அன்றைக்கே அதே வளைவில் திரெங்கானுப் பெண் ஒருத்திக்கு நான் சிவப்பு எழுதினேன். அவளுடையது உன்னுடையதைவிடக் குறைந்த மடக்கு.

நடுவர் குழுவிலிருந்து விலகிவிட்டேன். தலைமை நடுவருக்கு நான் எழுதிய கடிதத்தை ஒட்டாமல் இதோடு வைத்திருக்கிறேன். நீ என் மாமன் மகள், நமக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், பார்த்தும் நான் எழுதவில்லை, எல்லாம் அதில் இருக்கிறது. போனால் உன் பதக்கம் போகும். தொங்குவது மாமா வீட்டு ஆணியில். அதனால் உன்னைக் கேட்காமல் அனுப்ப மனமில்லை. கிழித்தாலும் சரி, தபாலில் போட்டாலும் சரி.

வைகாசிப் பேச்சை அம்மாவிடம் நானே நிறுத்திவிடுகிறேன். நீ பதில் எழுதும் சங்கடம் வேண்டாம்.

காளியண்ணன்


பிரிஞ்சாங்
12.7.1986

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். அம்மாவுக்குத்தான் இரண்டு வாரமாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இப்போது தேறிவருகிறார்.

உங்கள் மேல் எனக்கு மூன்று நாள் கோபம் இருந்தது. செய்தது நீங்கள், தபாலில் போடும் வேலை எனக்கா? நாலாம் நாள் அந்த உறையிலேயே என் தாள் ஒன்றையும் வைத்தேன். பாரத்தை மாற்றியது, மாஸ்டரிடம் சொன்ன பொய், மடங்கியது தெரிந்தே நடந்தது. தானா ராத்தாவுக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டேன். பிரிஞ்சாங்கில் போட்டால் யாராவது "என்னா புள்ள, கோலாலம்பூருக்கு லெட்டரா?" என்று கேட்டிருப்பார்கள்.

போட்ட அன்று மாலையே அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா அழுதார். அப்பா எழுந்து போய்க் கோழிக்குத் தீனி போட்டார். அன்றைக்கு அவை இரண்டு தடவை சாப்பிட்டன. பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. பதக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்.

சென்ற வாரம் பதில் வந்தது. சுருக்கமான, மரியாதையான கடிதம். மூன்றாம் இடம் ரொஹானாவுக்கு. பதக்கத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். கூடவே அதற்கான ஒப்புதல் பாரம். இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து. இந்த மாதக் கடைசியில் எனக்கு இருபத்தொன்று. மூன்று வாரம் தாமதித்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காது.

நான் அதை மேசையில் வைத்துவிட்டுக் குசினி அடுப்புப் பக்கம் போய்விட்டேன். சிறிது நேரம் கழித்து, "பேனா எங்க?" என்று குரல் கேட்டது. வந்து கொடுத்தேன்.

"மொத தடவ போட்டப்ப எதுக்குன்னு நீ சொல்லல."

"சொல்லலப்பா."

"இது எதுக்குன்னு தெரிஞ்சு போடுறேன்."

உட்கார்ந்து போட்டார். ஏழு எழுத்தும் தனித்தனியாக, அவசரமில்லாமல். முடித்ததும் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "கோட்டு மேலேயே நிக்குதா பாரு" என்றார். நின்றது. ஆணியிலிருந்து பதக்கத்தை அவரே எடுத்துப் பழைய பனியன் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

லயத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பாஞ்சாலை அக்கா என்னிடம் பேசுவதில்லை. சின்னக்கருப்பன் மாமா, "நடந்தது நடந்ததுதானே, அத யாரு திருப்பி வாங்க முடியும்?" என்று மட்டும் கேட்டார். நாலரைக்கு நான் திடலுக்குப் போகிறேன். பன்னிரண்டாம் சுற்றில் இன்னும் இழுக்கிறது.

அத்தையிடம் பேச்சை நிறுத்திவிட்டீர்களா? நிறுத்தியிருந்தால் மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். என் பதிலை வீட்டில் வைத்துத்தான் சொல்வேன், எழுதமாட்டேன். அம்மா பரணிலிருந்து பாய்களை இறக்கி வெயிலில் போட்டிருக்கிறார்.

அத்தையின் காலுக்கு இப்போது பாதை காய்ந்திருக்கிறது. வரும்போது நீங்கள் பேனா எடுத்து வர வேண்டாம். இங்கே இருக்கிறது.

அன்புடன்,
திலகம்